வலிக்காத ஞானப்பல்லை எடுக்க வேண்டுமா? எடுப்பதென்றால் எப்போது?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 23. கீழ்த்தாடையின் வலது ஞானப்பல் பாதி வெளியே, பாதி ஈறுக்குள். போன ஒரு வருடத்தில் இரண்டு முறை அந்த இடம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கினால்கூட வலித்திருக்கிறது. இரண்டு முறையும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதில் நான்கைந்து நாளில் அடங்கிவிட்டது. இப்போது துளி வலி இல்லை. ஒரு பல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நான்கு ஞானப்பற்களையும் எடுத்துவிடச் சொல்கிறார். "வலிக்காத பல்லை எதுக்குப் பிடுங்கணும், கண் பார்வை போயிடும்" என்று அப்பா தடுக்கிறார். மூன்று மாதத்தில் மேற்படிப்புக்கு அமெரிக்கா கிளம்ப வேண்டும். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

நான் வாய், தாடை அறுவை சிகிச்சை செய்யும் பல் மருத்துவர். இதே கேள்வியோடு வாரத்துக்கு நான்கைந்து பேர் என் முன்னால் உட்காருகிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். கீழ் வலதை எடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன்பே, முடிந்தால் இந்த மாதத்திலேயே. கீழ் இடது எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மேலே உள்ள இரண்டுக்கும் இப்போதைக்கு அவசரம் இல்லை. ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். நான்கையும் ஒரே பேச்சில் முடிப்பதை நான் ஏற்பதில்லை. வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பதையும் ஏற்பதில்லை.

ஞானப்பல் விஷயத்தில் வலியை அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. நான் முதலில் பார்ப்பது ஞானப்பல்லைக்கூட இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் பல்லை. முன்பல்லின் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் ஞானப்பல் எட்டாவது. அதற்கு முந்தையது ஏழாவது. நாங்கள் எங்களுக்குள் பேசும்போதும் எட்டு, ஏழு என்றுதான் சொல்வோம். உங்கள் சீட்டில் 48 என்று எழுதியிருந்தால் அது கீழ் வலது ஞானப்பல், 38 என்றால் கீழ் இடது. மேலே வலது 18, இடது 28. எட்டு இல்லாமல் மனிதர் நிம்மதியாக எண்பது வயதுவரை மென்று சாப்பிடலாம். ஏழு அப்படியில்லை. சோற்றையும் கறியையும் அரைக்கிற வேலையில் பெரும்பங்கு ஆறுக்கும் ஏழுக்கும்தான். எட்டை வைத்துக்கொள்வதால் ஏழு கெடுமா கெடாதா என்பதுதான் என் மேசையில் இருக்கும் உண்மையான கேள்வி.

ஒரு படத்தை மறக்க முடியவில்லை. 34 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் அம்மா. ஞானப்பல் வலித்ததே இல்லை என்றார். "குளுந்த தண்ணி குடிச்சா கடைசிப் பல் சுரீர்னுது டாக்டர், அவ்வளவுதான்." முழுத்தாடைப் படம் எடுத்தோம். ஓபிஜி என்பார்களே, இரண்டு தாடையும் ஒரே படத்தில் விரிந்து தெரியும், அது. கீழ் வலது ஞானப்பல் முன்பக்கமாகச் சாய்ந்து, ஏழாம் பல்லின் முதுகில் தலையை வைத்துப் படுத்திருந்தது. அந்தத் தலை முட்டிய இடத்தில், ஏழாம் பல்லின் பின்சுவரில், ஈறு மட்டத்துக்குக் கீழே, கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுத்தது போல ஒரு கரும்பள்ளம். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால் அந்தப் பல் மேலே வெள்ளையாக, பழுதே இல்லாமல் இருந்தது. பள்ளமோ உள்ளே நரம்புவரை போய்விட்டது. ஞானப்பல்லை எடுத்தோம். ஏழுக்கு வேர் சிகிச்சை செய்து உறை போட முயன்றார்கள். ஆனால் சொத்தை வேரோடு இறங்கியிருந்ததால் அந்தப் பல்லும் நிலைக்கவில்லை. பத்து வருடம் முன்பு ஒரு படம் எடுத்திருந்தால் ஒரு பல்லோடு போயிருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது? ஞானப்பல் முளைக்கும் வயது பொதுவாக 17 முதல் 25. அதற்குள் மற்ற பற்களெல்லாம் இடம் பிடித்துவிடும். தாடையில் கடைசியில் இடம் மிச்சம் இருந்தால் நேராக வந்து உட்காரும். இல்லையென்றால் சாய்ந்தோ, படுத்தோ, எலும்புக்குள்ளேயே புதைந்தோ நின்றுவிடும். கீழ்த்தாடையில் அதிகம் பார்ப்பது முன்பக்கமாகச் சாய்ந்த பல். அது ஏழாம் பல்லோடு முட்டும் இடத்தில் ஒரு சந்து உண்டாகிறது. மாவும் இனிப்பும் கீரை நாரும் அங்கே போய் அடையும். பிரஷ் அங்கே எட்டாது, நூலும் போகாது, எவ்வளவு கொப்பளித்தாலும் வராது. வருடக்கணக்கில் அழுக்கு தங்கும் இடத்தில் சொத்தை பிடிப்பது ஆச்சரியமே இல்லை. வலி வரும்போது சொத்தை ஆழமாகிவிட்டிருக்கும். சிலருக்குச் சொத்தைக்குப் பதிலாக அந்த இடத்தின் எலும்பு கரைந்து, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஆழமான பை உண்டாகும். அதுவும் வலிக்காது.

இதனால்தான் பாதி வெளியே வந்து சாய்ந்து நிற்கும் கீழ் ஞானப்பல்லை நான் நம்புவதில்லை. முழுக்க எலும்புக்குள் புதைந்து, வாயோடு எந்தத் தொடர்பும் இல்லாத பல்லைவிட இதுதான் தொந்தரவு கொடுக்கும். ஒரு விஷயம் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் பல் புதைந்திருக்கிறது என்று ஆகாது. ஏழாம் பல்லின் பின்னால் ஈறுக்குள் மெல்லிய அளவுக்கம்பியை விடும்போது அது உள்ளே இறங்கி ஞானப்பல்லின் தலையில் தட்டினால், அந்தப் பல் வாயோடு தொடர்பில் இருக்கிறது என்று பொருள். கிருமிக்கு வழி திறந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், காசும் கிடையாது. உங்கள் மருத்துவர் படத்தை மட்டும் பார்த்துப் பேசினால், "ஏழுக்குப் பின்னாடி கம்பி விட்டுப் பாத்தீங்களா டாக்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

இனி உங்கள் இரண்டு வீக்கங்களுக்கு வருகிறேன். பாதி முளைத்த பல்லின்மேல் ஈறு ஒரு மூடி போலப் படர்ந்திருக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் சேர்ந்து சீழ் பிடிக்கும். மூடி வீங்கியதும், மேலே இருக்கும் ஞானப்பல் ஒவ்வொரு கடியிலும் அதன்மேல் குத்தும். வீக்கம் மெல்லும் தசைக்குப் பரவினால் வாய் திறக்காது. கெட்ட வாடையும் உப்பும் கசப்புமான ஒரு சுவையும் இருந்திருக்குமே, அது சீழ். நீங்கள் வாங்கிப் போட்ட மாத்திரை அந்த நேரத்துக் கிருமியை அடக்கியது. மூடி அப்படியே இருக்கிறது, சந்து அப்படியே இருக்கிறது, பல்லும் நகரவில்லை. அதனால்தான் திரும்ப வந்தது, இனியும் வரும். இப்படி வீங்கும்போது முதலில் செய்ய வேண்டியது அந்த மூடிக்கு அடியில் மருந்து நீர் பீய்ச்சிக் கழுவுவது. மேல் பல் குத்துகிறதென்றால் அதைத் தேய்த்துவிடலாம், சில சமயம் அதை எடுத்தே விடலாம். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் ஆன்டிபயாடிக். மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துவது உங்களுக்கும் கெடுதல், ஊருக்கும் கெடுதல்.

இரண்டாவது முறை வந்ததை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், அதற்கு ஒரு பின்கதை உண்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வலி இல்லாத ஞானப்பற்களையும் வழக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டின் நைஸ் என்ற சுகாதார வழிகாட்டி அமைப்பு, நோய் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக எடுப்பதை அரசு மருத்துவத்தில் நிறுத்தச் சொன்னது. சரிசெய்ய முடியாத சொத்தை, சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, பக்கத்துப் பல் கரைவது போன்ற காரணம் இருந்தால் மட்டும் எடுக்கலாம். மூடி ஈறு வீக்கத்தைப் பொறுத்தவரை, முதல் முறை மிகக் கடுமையாக இருந்தாலொழிய எடுக்க வேண்டாம், இரண்டாம் முறை வந்தால் எடுப்பது நியாயம் என்றது. பல்லை எடுப்பதில் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டிய அந்த வழிகாட்டுதலின்படி பார்த்தாலும் உங்கள் கீழ் வலது எடுக்க வேண்டிய பல்தான்.

அந்தக் கதை அங்கேயே முடியவில்லை. அறுவைகள் சில காலம் குறைந்தன. பிறகு மறுபடி ஏறின. எடுத்துக்கொள்ள வந்தவர்களின் சராசரி வயது 25 பக்கத்திலிருந்து 32-க்குப் போனது. வந்தவர்களில் ஏழாம் பல்லில் சொத்தையோடு வந்தவர்கள் கூடினார்கள். தேவையில்லாத அறுவையைத் தவிர்த்தது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சாய்ந்து முட்டிக்கொண்டிருக்கும் பல்லை, நோய் வரட்டும் என்று காத்திருந்ததில் சிலர் இன்னொரு பல்லையும் சேர்த்து இழந்தார்கள். அமெரிக்காவில் இதற்கு நேரெதிர். அங்கே 17, 18 வயதில் நான்கையும் மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எடுத்துவிடுவது மிகச் சாதாரணம். இரண்டு பக்கத்து ஆதாரங்களையும் அலசிய காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2020-இல் சொன்னது, நோயும் தொந்தரவும் இல்லாத புதைந்த ஞானப்பல்லை எடுப்பது நல்லதா, வைத்திருப்பது நல்லதா என்று முடிவு கட்டப் போதிய ஆதாரம் இல்லை என்பதே. ஆகவே "நோயில்லாத பல்லையும் கண்டிப்பாக எடுத்தே ஆக வேண்டும்" என்று உங்களிடம் யாராவது அடித்துச் சொன்னால், அந்த உறுதிக்கு ஆய்வில் ஆதாரம் கிடையாது. எடுக்காமல் விடும் பல்லுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கம்பிச் சோதனையும், தேவைப்பட்டால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படமும் வேண்டும். விட்டுவிடுவது வேறு, கண்காணிப்பில் வைப்பது வேறு.

வயதுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. 18 முதல் 25 வரை வேர்கள் முழுதாக வளர்ந்து முடிந்திருக்காது, அல்லது இப்போதுதான் முடிந்திருக்கும். எலும்பும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வயது ஏற ஏற வேர் நீண்டு வளைந்துகொள்ளும், எலும்பு இறுகும், ஆறுவதற்கு நாளாகும், சிக்கல்களும் கூடும். 22 வயதில் இருபது நிமிடத்தில் வந்த அதே மாதிரிப் பல், 45 வயதில் ஒரு மணி நேரம் என்னை வியர்க்க வைத்திருக்கிறது. என்றைக்காவது எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று தெரிந்த பல்லை இருபதுகளிலேயே எடுத்துவிடுவது மேல். அதற்காக 40, 50 வயதுக்காரர் யாரும் பயப்பட வேண்டாம். காரணம் இருந்தால் எந்த வயதிலும் எடுக்கலாம். காரணம் இல்லாமல், அத்தனை வருடம் அமைதியாக எலும்புக்குள் கிடந்த பல்லை 55 வயதில் தோண்டுவதற்கு நான் சம்மதிப்பதில்லை.

கீழ் ஞானப்பல்லில் நான் உண்மையில் பயப்படுவது ஒரு நரம்புக்கு. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியாகப் போகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர்நுனி அந்தக் கால்வாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் அந்தப் பக்கக் கீழுதடு மரத்துப்போகும். நாக்குக்குப் போகும் நரம்பும் உள்பக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. தற்காலிக மரப்பு நூற்றில் சிலருக்கு வரும், வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. குறைவுதான், ஆனால் அந்த ஒருவருக்கு டீ குடிக்கும்போது உதட்டோரம் வழிவது தெரியாது. அதனால் இதைச் சொல்லாமல் யாரும் கையெழுத்து வாங்கக் கூடாது.

ஓபிஜி படத்திலேயே எச்சரிக்கைகள் தெரியும். கால்வாயின் வெள்ளைக்கோடு வேர் தாண்டும் இடத்தில் அறுந்திருப்பது, அங்கே வேர் கறுத்துத் தெரிவது, கால்வாய் வளைந்து ஒதுங்குவது. இவற்றில் ஏதாவது இருந்தால் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். எல்லோருக்கும் அந்த ஸ்கேன் வேண்டாம். வேர் நரம்போடு ஒட்டித்தான் இருக்கிறது, பல்லிலும் சொத்தை இல்லை என்றால், தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறை உண்டு. நரம்புக்கு ஆபத்து குறையும். சில ஆண்டுகளில் அந்த வேர் மெல்ல மேலே நகர்ந்துவந்து இன்னொரு முறை எடுக்க வேண்டிவரலாம். அதற்குள் நரம்பை விட்டு விலகி வந்திருக்கும் என்பதால் அதையும் நான் நல்ல பேரமாகவே நினைக்கிறேன்.

அப்பாவின் பயத்துக்கு வருவோம். பல்லுக்குப் போவது மூளையிலிருந்து கிளம்பும் ஐந்தாம் நரம்பின் கிளைகள். பார்வைக்கானது இரண்டாம் நரம்பு. அது கண்ணின் பின்பக்கத்திலிருந்து நேரே மூளைக்குப் போகிறது, பல்லோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை. முன்காலத்தில் மேல்பல்லில் சீழ் வைத்து முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டவர்கள் கடைசிக் கட்டத்தில் பல் பிடுங்கப் போனார்கள், அதைப் பார்த்தவர்கள் பிடுங்கியதால் கண் கெட்டது என்று நினைத்திருக்கலாம். அப்பாவைக் குறை சொல்லாதீர்கள், படித்தவர்களும் இதை என்னிடம் கேட்கிறார்கள். இன்னொரு நம்பிக்கை, ஞானப்பல் தள்ளுவதால் முன்பல் கோணலாகிறது என்பது. கீழ் முன்பற்கள் வயதாக ஆக நெருங்குவது ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் நடக்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழுவுக்கு ஞானப்பல்லை எடுத்து, இன்னொரு குழுவுக்கு விட்டுவைத்து, சில ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தார்கள். முன்பல் நெரிசலைத் தடுக்க ஞானப்பல்லை எடுப்பதற்கு நியாயம் இல்லை என்பதுதான் முடிவு. கிளிப் போட்டு முடித்த பிள்ளைகளுக்கு இதே காரணத்தைச் சொல்லி நான்கையும் எடுக்கச் சொன்னால், வேறு காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எடுக்கவே கூடாத சந்தர்ப்பமும் உண்டு. ஆறாம் பல்லோ ஏழாம் பல்லோ ஏற்கெனவே போய்விட்டவர்கள், அல்லது போகும் நிலையில் இருப்பவர்கள், நல்ல ஞானப்பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள். கிளிப் போட்டு அதை முன்னால் இழுத்துவரலாம். வேர் முழுதாக வளராத வயதில் அதையே எடுத்து ஆறாம் பல்லின் குழியில் நட்டுவைக்கும் சிகிச்சைகூட இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குறைந்தது ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. இருக்கிறவர்களுக்கு அது சில சமயம் சேமிப்பு.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்கு வாயின் உள்தோல் நார் போல இறுகி, வாய் திறப்பு வருடா வருடம் சுருங்கும். மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல்கூட நுழையாமல் போகும். அப்படிப்பட்ட வாயில் கடைசிப் பல்லில் சொத்தை வந்தால் எங்களால் கருவியை உள்ளே கொண்டுபோகவே முடியாது. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்து, வாய் இறுக ஆரம்பித்திருந்தால், ஞானப்பல்லை இப்போதே காட்டச் சொல்லுங்கள். அதோடு, ஞானப்பல் கன்னத்தில் குத்திப் புண்ணாகிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்களையும் விடாதீர்கள். மூன்று வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும் பல்லால் வந்தது என்று தானாக முடிவு செய்யக் கூடாது. அதை ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும், தேவைப்பட்டால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஞானப்பல்லைக் காட்டிவிடுவது நல்லது. கர்ப்பகாலத்தில் ஈறு எளிதில் வீங்கும், அப்போது மாத்திரையும் யோசித்துக் கொடுக்க வேண்டும். அவசரமென்றால் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை எடுக்கலாம், ஆனால் அந்த நிலைக்கு வராமல் இருப்பது மேல். புற்றுநோய்க்குத் தாடையில் கதிர்வீச்சு வாங்கப் போகிறவர்களும், எலும்புத் தேய்மானத்துக்கோ எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ ஊசி போடப் போகிறவர்களும் கட்டாயம் முன்பே பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பல்லை எடுத்தால் தாடை எலும்பு ஆறாமலே போகக்கூடும். சர்க்கரை இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். இதய மருத்துவரிடம் பேசி நாங்கள் முடிவு செய்வோம்.

இப்போது உங்கள் நாள்காட்டி. வீங்கி இருக்கும்போது அறுவை வேண்டாம், மரத்துப்போகும் ஊசியும் சரியாக வேலை செய்யாது. இப்போது அமைதியாக இருக்கிறது, அதுதான் சரியான நேரம். "வலி இல்லையே" என்று தள்ளிப்போடும் இந்த வாரங்கள்தான் எடுப்பதற்கு ஏற்ற வாரங்கள். கிளம்ப மூன்று மாதம் இருக்கிறது. கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். ஆறாவிட்டால் திரும்ப வந்து காட்ட, கடைசியாக ஒரு முறை பார்க்க, எல்லாவற்றுக்கும் ஒரு மாதமாவது கையில் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்குக் கொடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் பல் பெரும்பாலும் சேராது. அங்கே இதைச் செய்தால் ஆகும் செலவைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். தனியார் கட்டணம் முடியாது என்பவர்களுக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இதே அறுவை மிகக் குறைந்த செலவில் நடக்கிறது. காத்திருக்க நேரும், அவ்வளவுதான்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வெறும் வயிற்றோடு வராதீர்கள், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் கீழுதடு தடித்துப்போனது போல இருக்கும். வலி தெரியாது, ஆனால் அழுத்தமும் சத்தமும் தெரியும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஈறைச் சிறிதாகத் திறந்து, பல்லை மூடியிருக்கும் எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, சாய்ந்த பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி எடுப்போம். முழுப் பல்லாக இழுப்பதைவிட இதில் எலும்பு குறைவாகவே போகும். பிறகு இரண்டு மூன்று தையல். பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்குப் போகலாம். முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ், ஆறிய தயிர் சாதம், குளிர்ந்த பால். அன்றைக்குக் கொப்பளிக்கவும் கூடாது, துப்பவும் கூடாது, ஸ்ட்ராவால் உறிஞ்சவும் கூடாது. குழியில் உறைந்து நிற்கும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும். மூன்றாம் நாள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பதறி எனக்குப் போன் செய்யாத ஆளே கிடையாது.

வலி மாத்திரையில், வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு இபுபுரூஃபென் பாரசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கும். மரப்பு விடுவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். உலகில் புதிய வலி மாத்திரைகளைச் சோதிக்க ஞானப்பல் எடுத்தவர்களைத்தான் அதிகம் சேர்க்கிறார்கள், அதனால் இந்த வலியைப் பற்றி மருத்துவத்துக்கு நன்றாகவே தெரியும். மூன்று நாளில் வலி குறைந்துகொண்டே வந்தால் எல்லாம் சரி. குறைந்துவந்த வலி மூன்றாம், நான்காம் நாளில் திடீரென்று காதுவரை தெறித்தால், வாயில் நாற்றமும் இருந்தால், குழியின் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். புகை பிடிப்பவர்களுக்கு இது அதிகம். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வந்தால் கழுவி மருந்து வைத்துவிடுவோம், பெரும்பாலும் அன்று ராத்திரியே தூங்கிவிடலாம்.

அறுவைக்கு முன்போ பின்போ, எப்போதாக இருந்தாலும், தாடைக்கடியில் வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, மூச்சு விடச் சிரமமானாலோ, கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கீழ்ப்பல் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

உங்கள் மற்ற மூன்று பற்கள் பாக்கி. கீழ் இடதில் கம்பி இறங்கிப் பல்லைத் தொட்டால், அது ஏழில் சாய்ந்தும் இருந்தால், அதையும் எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் வேண்டாம். வலதுபக்கம் ஆறிய பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்து எடுத்தால் ஒரு பக்கமாவது மென்று சாப்பிடலாம். கம்பி எங்கேயும் இறங்கவில்லை, எலும்புக்குள் ஆழமாக இருக்கிறது என்றால் விட்டுவிட்டு, ஊருக்கு வரும்போதெல்லாம் காட்டுங்கள். மேல் வலது, கீழே எதிர்ப்பல் இல்லாமல் மெல்ல இறங்கிக் கன்னத்தைக் கடிக்க ஆரம்பிக்கலாம். அது நேராக முளைத்துச் சுத்தமாக இருந்தால் நான் வைத்திருப்பேன். ஏற்கெனவே கன்னத்தில் பதிகிறது என்றால் கீழ் வலதோடு அன்றைக்கே எடுப்பேன், மேல்பல் சில நிமிட வேலைதான். மேல் இடதைத் தொட வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கண் நரம்பு பற்றி நீங்கள் வாதாட வேண்டாம். ஓபிஜி படத்தைத் திரையில் பெரிதாக வைத்து, ஏழாம் பல்லின் பின்சுவரை அவருக்குக் காட்டச் சொல்லுங்கள்.